ஐந்து நாள் லீவில் பனிச்சறுக்கு: வாசகர் கேள்வி பதில்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் தொடங்கி நகரி, குப்பம் வரை தமிழ்நாட்டு எல்லையின் இரு பக்கத்திலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. பனிமலை நமக்கு மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பள்ளி, வங்கி, தறி, தோட்டம் எதையும் விட்டுவிட்டுப் போக முடியாது. ஆகவே இந்த இதழில், குறைந்த லீவை வைத்துக்கொண்டு உருப்படியாகப் பனிச்சறுக்கு கற்பது எப்படி என்ற கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: நான் அரசுப் பள்ளி ஆசிரியை, கணவர் வங்கியில் இருக்கிறார். சேர்ந்தாற்போல் இருவருக்கும் ஐந்து நாளுக்கு மேல் லீவு கிடைக்காது. அதைப் பிரித்து, கிறிஸ்துமஸ் விடுமுறையில் மூன்று நாளும் பிப்ரவரியில் இரண்டு நாளுமாகப் போய் வரலாமா? (வாசகி, கொழிஞ்சாம்பாறை)

பிரிக்க வேண்டாம். புதிதாகக் கற்பவருக்குத் தொடர்ச்சிதான் முக்கியம். முதல் நாள் முழுக்கப் ‘பூட்’ என்னும் கெட்டிக் காலணியோடும் பலகையோடும் மல்லுக்கட்டுவதில் போய்விடும். இரண்டாம் நாள், பலகைகளின் முன்முனைகளைச் சேர்த்து, பின்முனைகளை விரித்து வைத்து வேகத்தைக் குறைக்கப் பழகுவீர்கள். மூன்றாம் நாள் காலையில் தொடை கெஞ்சும், பலருக்கும் மனம் விட்டுப்போவது அன்றுதான். ஆனால் இடமும் வலமும் திரும்புவது பிடிபடுவது மூன்றாம், நான்காம் நாட்களில்தான். ஐந்தாம் நாள் திருப்பங்களைக் கோத்து ஒரு சரிவை முழுதாக இறங்கலாம். இரண்டு நாளில் திரும்பி வந்தவர் அடுத்த தடவை மறுபடி பூட்டிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அதற்கு இரண்டு தடவை விமானக் கட்டணம் வேறு.

உங்களுக்கு நாங்கள் சொல்வது குல்மார்க். சனிக்கிழமை கோவையிலிருந்து டெல்லி வழியாக ஸ்ரீநகர் போய், அன்றிரவு ஸ்ரீநகரிலேயே தங்குங்கள். ஸ்ரீநகர் ஏறக்குறைய 1,585 மீட்டர், குல்மார்க் 2,650 மீட்டர். நடுவில் ஓர் இரவு உடம்புக்கு நல்லது. ஞாயிறு காலை புறப்பட்டால் 50 கிலோமீட்டர்தான், மதியத்துக்குள் போய்விடலாம். அன்று மாலை பூட்டும் பலகையும் வாடகைக்கு எடுத்து, நன்றாகப் பொருந்தும்வரை மாற்றிப் பார்த்து, சமதரையில் நடந்து பழகினால் போதும். திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாட்கள் சறுக்கலாம். அவற்றில் புதன்கிழமை மட்டும் மதியத்தோடு நிறுத்திவிடுங்கள். மூன்றாம் நாள் மாலையில், களைத்த காலோடு ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்று மேலே போகும்போதுதான் முட்டி திருகுகிறது. வெள்ளி காலையில் சறுக்கிவிட்டு மதியம் ஸ்ரீநகர் இறங்கி, சனிக்கிழமை விமானம் ஏறலாம். ஞாயிறைச் சும்மா விட்டுவையுங்கள். பனி பெய்தால் ஸ்ரீநகர் விமானங்கள் ரத்தாகும், டெல்லியில் மூடுபனி என்றால் காலை விமானங்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். அந்த ஞாயிறு கையில் இருந்தால் திங்கள் காலை வகுப்புக்குப் போய்விடலாம். முன்னும் பின்னும் வார விடுமுறை சேர, ஐந்து நாள் லீவில் ஒன்பது நாள் கிடைக்கிறது. நடுவில் அரசு விடுமுறை ஒன்று விழுந்தால் நாலே நாள் லீவு போதும்.

டிக்கெட் எடுக்கும்போது இரண்டு விமானங்களையும் ஒரே முன்பதிவு எண்ணில் எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் நூறு, இருநூறு மிச்சமாகலாம். ஆனால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் அந்தப் பணம் உங்களோடு போச்சு. டெல்லியில் மூன்று மணி நேரமாவது இடைவெளி வையுங்கள். திரும்பும்போது ஸ்ரீநகர் நிலையத்தில் பாதுகாப்புச் சோதனைகள் பல அடுக்கு, மூன்று மணி நேரம் முன்னால் போய்ச் சேருங்கள்.

தேதி விஷயத்தில் பிடிவாதமாகவே சொல்கிறோம்: கிறிஸ்துமஸை நம்பாதீர்கள். டிசம்பர் கடைசியில் சரிவுகளில் போதிய பனி விழுந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை. 2024 ஜனவரியில் குல்மார்க் பனியே இல்லாமல் காய்ந்து கிடந்தது, பனி வந்தது மாதக் கடைசியில்தான். 2025-இல் பிப்ரவரியில் அங்கே நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்காலப் போட்டியையே பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளினார்கள். பிப்ரவரி முதல் இரண்டு வாரங்களைத் தேர்ந்தெடுங்கள். பத்தாம் வகுப்பு எடுப்பவர் என்றால் மாதிரித் தேர்வுத் தேதியைப் பார்த்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள். தங்குமிடத்தைத் தேதி மாற்றிக்கொள்ளும் வசதியோடு எடுங்கள். மலைமேல் ஏற்றும் கம்பிவட ஊர்தியான கோண்டோலாவின் டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிட வேண்டும், நேரில் போய் வரிசையில் நின்றால் அரை நாள் போய்விடும். முதல் இரண்டு நாட்களுக்கு அது தேவையே இல்லை. கீழே உள்ள சிறு சரிவுகளும், இழுத்துக்கொண்டு ஏற்றும் லிஃப்டுமே போதும்.

கேள்வி: ரயிலில் போனால் செலவு குறையுமே? (வாசகர், பாலக்காடு)

குறையும். ஆனால் பாலக்காடு வழியாகக் கத்ரா போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் போக மூன்று நாள், வர மூன்று நாள். கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூன் முதல் வந்தே பாரத் ஓடுகிறது, அந்தக் கடைசித் துண்டு இப்போது சுலபம். பதினைந்து நாள் கையில் உள்ளவருக்கு அருமையான பயணம். ஐந்து நாள் லீவுக்காரருக்கு ஆகாது.

கேள்வி: வயது 46. சொந்தமாக விசைத்தறிக் கூடம். காலை ஏழு முதல் இரவு வரை தறிக்கு நடுவில் நின்றபடியே வேலை, கால் நன்றாகப் பழகித்தான் இருக்கிறது. இதற்குமேல் தனியாக உடற்பயிற்சி வேண்டுமா? உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போக நேரமில்லை. (வாசகர், நகரி)

கட்டாயம் வேண்டும். ஆனால் கூடத்துக்குப் போக வேண்டியதில்லை. நாள் முழுக்க நிற்கும்போது முட்டி நேராகப் பூட்டிக்கொள்கிறது, எடையை எலும்பு தாங்கிக்கொள்கிறது. பலகைமேல் நிற்கும்போது முட்டி எப்போதும் மடங்கியே இருக்கும். தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டும், அதுவும் மேடு பள்ளத்தில், நிமிடக்கணக்கில். படி ஏறும்போது அந்த வேலை நடப்பதில்லை, இறங்கும்போதுதான் நடக்கிறது. பழக்கமில்லாத தசைக்கு இரண்டாம் நாள் காலையில் கட்டிலை விட்டு எழவே சிரமமாக இருப்பது இதனால்தான்.

எட்டு வாரம், வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் இருபது நிமிடம். பாவு மாற்றத் தறி நிற்கும் நேரத்தில்கூடச் செய்யலாம்.

முதல் இரண்டு வாரம்: சுவரில் முதுகைச் சாய்த்து, தொடை தரைக்கு இணையாக வரும் அளவு இறங்கி, நாற்காலி இல்லாமலே உட்கார்ந்த நிலையில் 30 விநாடி, மூன்று தடவை. பிறகு உட்கார்ந்து எழுவது 12 வீதம் மூன்று சுற்று. கடைசியாக ஒற்றைக் காலில் 30 விநாடி நிற்பது. அது எளிதானதும் கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள், ஆட்டம் தெரியும்.

மூன்று முதல் ஐந்தாம் வாரம்: சுவர் இருக்கையை ஒரு நிமிடமாக்குங்கள். ஒரு படியின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலின் குதிகால் கீழ்ப்படியைத் தொடும்வரை மூன்று எண்ணி மெதுவாக இறங்கி, திரும்ப எழுங்கள். காலுக்குப் பத்து, மூன்று சுற்று. இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். முட்டி உள்பக்கமாகச் சரியக் கூடாது, கால் பெருவிரலுக்கு அடுத்த விரலின் நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். கண்ணாடி முன் நின்று சரிபாருங்கள்.

ஆறாம் வாரத்திலிருந்து: சுவர் இருக்கை 90 விநாடி, ஒரு கோட்டைத் தாண்டித் தாண்டி இரு பக்கமும் குதிப்பது இருபது வீதம் மூன்று சுற்று, முன்னால் கால் வைத்து இறங்கி எழுவது காலுக்குப் பன்னிரண்டு. ஞாயிற்றுக்கிழமையில் திருத்தணி உங்களுக்குப் பக்கம். 365 படி. ஏறிவிட்டுப் பேருந்தில் இறங்கிவிடாதீர்கள். இறங்குவதுதான் உங்கள் பயிற்சி, கைப்பிடியைத் தொடாமல், ஓடாமல். முதல் வாரம் ஒரு தடவை, பிறகு இரண்டு, மூன்று. புறப்படும் வாரத்தில் எல்லாவற்றையும் பாதியாகக் குறைத்து, கடைசி இரண்டு நாள் ஓய்வு.

கணுக்காலையும் சோதித்துக்கொள்ளுங்கள். சுவரிலிருந்து நான்கு விரல்கடை தள்ளி பாதத்தை வைத்து, குதிகால் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொட முடிய வேண்டும். முடியவில்லை என்றால் கெண்டைக்காலை தினமும் இரண்டு நிமிடம் நீட்டிப் பழக்குங்கள். கணுக்கால் மடங்காதவர் பூட்டுக்குள் நின்றதும் பின்னால் சாய்வார். எடை பின்னால் போனால் பலகையின் முன்பாகம் பிடிமானம் இழக்கும், திரும்பச் சொன்னால் திரும்பாது. பயமும் இதையே செய்யும். சரிவைக் கண்டதும் உடம்பு தானாகப் பின்னால் போகும், பின்னால் போனால் வேகம் கூடும், வேகம் கூடினால் இன்னும் பயம். அதனால்தான் எந்தப் பயிற்சியாளரும் முதல் வார்த்தையாக, முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் உள்ள எலும்பைப் பூட்டின் நாக்கில் அழுத்தி நில் என்கிறார்.

பயிற்சியின்போது முட்டி வீங்கினால் நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: போன வருடம் மணாலி பக்கத்தில் சோலாங் போனோம். வாடகைப் பூட்டில் கால் வலி தாங்காமல் அரை நாளிலேயே கழற்றிவிட்டேன். இத்தனைக்கும் குளிருக்காக இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை போட்டிருந்தேன். ஒரு அளவு பெரிய பூட்டுதான் வாங்கியிருந்தேன். (வாசகி, செங்கோட்டை)

வலிக்குக் காரணமே அந்த இரண்டும்தான். பெரிய பூட்டில் பாதம் முன்னும் பின்னும் நழுவும். நழுவாமலிருக்க விரல்களை மடக்கிப் பிடிப்பீர்கள், கொக்கிகளை இறுக்குவீர்கள். இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் மரக்கும், மரத்த கால் குளிரும். இரண்டு காலுறையில் ஒன்றின் மடிப்பு இன்னொன்றின்மேல் ஏறி எலும்பை அழுத்தும். முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை வரும் ஒரே ஒரு மெல்லிய காலுறை போதும். தெர்மல் கால்சட்டையின் விளிம்பைக்கூடப் பூட்டுக்குள் விடாதீர்கள்.

அளவு பார்ப்பது இப்படி: சுவரில் குதிகாலை ஒட்டி நின்று, நீளமான விரல்வரை சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். பூட்டின் அளவும் அதே சென்டிமீட்டர்தான். கடையில் உள்ளுறையைக் கழற்றச் சொல்லி, வெளி ஓட்டுக்குள் மட்டும் காலை விட்டு விரல் முன்சுவரைத் தொடும்படி நில்லுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் இடம் இருக்க வேண்டும். அதைவிட அதிகமென்றால் பூட்டு பெரிது. 26, 26.5 இரண்டுக்கும் ஓடு ஒன்றே, ஆகையால் அரை அளவு மாற்றிக் கேட்பதில் பெரிய பலன் இல்லை. உள்ளுறையோடு போட்டுப் பார்க்கும்போது, நிமிர்ந்து நின்றால் விரல் நுனி லேசாகத் தொடும், முட்டியை மடக்கியதும் விலகும். அதுதான் சரியான பொருத்தம். நம் செருப்புக் கால்களுக்கு முதலில் அது சிறியதாகவே தோன்றும். பத்து நிமிடம் போட்டபடி நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மாட்டும் வரிசையும் முக்கியம். நாக்கை நேராக வைத்து, குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்னால் தள்ளுங்கள். முதலில் கணுக்கால் வளைவின் மேலுள்ள கொக்கி, பிறகு மேல் கொக்கி, பிறகு பட்டை. விரல் பக்கத்துக் கொக்கிகளை சும்மா கோத்தால் போதும். பெரும்பாலோர் அவற்றைத்தான் இறுக்கி வலியை வாங்கிக்கொள்கிறார்கள். கால்விரல் நகங்களைப் புறப்படுமுன் ஒட்ட வெட்டிவிடுங்கள். இரவில் பூட்டை அறைக்குள் கொண்டுவந்து, உள்ளுறையை உருவிக் காயவிடுங்கள், ஆனால் அறையைச் சூடாக்கும் புகாரி அடுப்பை ஒட்டி வைக்க வேண்டாம். வெளியே விட்ட பூட்டு காலையில் கட்டையாக விறைத்திருக்கும், கால் நுழையாது.

பூட்டு முடிந்ததும் பைண்டிங். விழும்போது பூட்டைப் பலகையிலிருந்து விடுவிக்கும் பாகம் இது. இதன் எண்ணை உங்கள் எடை, உயரம், வயது, திறமை, பூட்டு அடிப்பாகத்தின் நீளம் ஐந்தையும் வைத்துக் கடைக்காரர் அமைக்க வேண்டும். எடையைக் குறைத்தோ கூட்டியோ சொல்லாதீர்கள். உங்களுக்கு முன்னால் எடுத்தவரின் எண் அப்படியே இருக்கலாம், ‘எனக்கு மாற்றினீர்களா’ என்று கேட்டு, எண்ணைக் கண்ணால் பாருங்கள். அடிக்கடி கழன்றால் உடனே இறுக்கச் சொல்லாதீர்கள். முக்கால்வாசி நேரம் காரணம், பூட்டின் அடியில் ஒட்டிய பனி. மாட்டுமுன் கையில் ஊன்றும் கோலால் சுரண்டிவிடுங்கள். பலகையின் உயரம் புதியவருக்கு முகவாய்க்கும் மூக்குக்கும் நடுவில் இருந்தால் சரி.

கேள்வி: விழுந்தால் எப்படி விழ வேண்டும்? (வாசகர், பள்ளிப்பட்டு)

சரிவின் மேல்பக்கமாக, இடுப்பு பக்கவாட்டில் படும்படி உட்காருங்கள். விழுந்து சறுக்கிக்கொண்டிருக்கும்போதே எழ முயலாதீர்கள், முட்டியின் தசைநார் கிழிவது பெரும்பாலும் அந்தத் தவிப்பில்தான். முழுதாக நின்றபின் இரண்டு பலகைகளையும் சரிவுக்குக் குறுக்காக, உடம்புக்குக் கீழ்ப்பக்கம் கொண்டுவந்து எழுங்கள். கோலின் வாரைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். கோலோடு கையை ஊன்றி விழுந்தால் கட்டைவிரலின் அடித் தசைநார் அறுந்துவிடும். மருத்துவர்கள் அந்தக் காயத்துக்கு இந்த விளையாட்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: எங்களுக்கு ஏலக்காய்த் தோட்டம். கடைசிக் காய் எடுப்பு முடிந்து கை ஓய மார்ச் ஆகிவிடும். அப்போது பனி இருக்குமா? அவுலி, சோலாங், குல்மார்க் மூன்றில் எது? (வாசகர், வண்டன்மேடு)

மார்ச் முதல் பாதியில் குல்மார்க்கில் சறுக்கலாம். அந்த மாதத்துப் பனியின் குணம் மட்டும் வேறு. பகலில் இளகி, இரவில் உறைந்து, காலையில் கண்ணாடிபோல் கிடக்கும். புதியவருக்கு அதில் பிடிமானம் கிடைக்காது. பத்து மணிக்கு மேல் மேற்பரப்பு ஒரு விரல்கடை இளகியதும் தொடங்கி, ஒரு மணிக்குள் முடித்துவிடுங்கள். அதற்குமேல் சொதசொதவென்று ஈரமாகிப் பலகையைப் பிடித்து இழுக்கும், முட்டிக்குக் கேடு. கீழ்ச் சரிவுகளில் புல் தெரியத் தொடங்கினால், கோண்டோலாவின் முதல் கட்டத்தில் ஏறி ஏறக்குறைய 3,080 மீட்டரில் உள்ள கொங்டூரிப் பகுதிக்குப் போகலாம். ஒரு நாளில் குறைந்த நேரம்தான் சறுக்க முடியும் என்பதால் உங்களுக்கு ஐந்து நாளுக்குப் பதில் ஆறு நாள் வைத்துக்கொள்ளச் சொல்வோம்.

மற்ற இரண்டும் உங்கள் கால அளவுக்கு ஒத்துவராது. உத்தராகண்டில் உள்ள அவுலியில் அரசுச் சுற்றுலா நிறுவனமான கர்வால் மண்டல் விகாஸ் நிகம் ஏழு நாள், பதினான்கு நாள் பயிற்சிகள் நடத்திவந்திருக்கிறது, கற்றுத்தரும் முறை நல்ல முறை. ஆனால் ரிஷிகேஷிலிருந்து, அவுலிக்குக் கீழே உள்ள ஜோஷிமட் ஊர் ஏறக்குறைய 250 கிலோமீட்டர் மலைப்பாதை, ஒரு பகல் முழுக்க ஆகும். 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் தாழ்ந்தபோது அங்கிருந்து அவுலிக்கு ஏறும் ரோப்காரையும் நிறுத்திவிட்டார்கள். சோலாங் மணாலியிலிருந்து பதினான்கு கிலோமீட்டர்தான், பார்த்துவிட்டு வர நல்ல இடம். ஆனால் அங்கே வாடகைக்காரர்கள் கையைப் பிடித்து அரை மணி நேரம் தள்ளிவிட்டுப் பணம் வாங்குவதைப் பயிற்சி என்று எண்ணிவிடாதீர்கள். மணாலியில் முறையாகக் கற்க வேண்டுமென்றால் அடல் பிகாரி வாஜ்பாய் மலையேற்ற நிறுவனத்தின் பதினான்கு நாள் அடிப்படைப் பயிற்சி இருக்கிறது. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும் வருடத்தில், அதைவிடச் சிறந்தது இல்லை.

கேள்வி: கணவர் துபாயில் வேலை. இந்த வருடம் நானும் பையனும் பத்து நாள் அங்கே போகிறோம். மாலுக்குள் இருக்கும் பனிச்சறுக்கு அரங்கில் கற்றால் பிற்பாடு குல்மார்க்கில் பயன்படுமா? (வாசகி, வேலந்தாவளம்)

நிச்சயம் பயன்படும். உங்களைப் போன்ற வளைகுடாக் குடும்பங்களுக்கு இதுவே ஆகச் சிறந்த குறுக்குவழி என்று நினைக்கிறோம். மால் ஆஃப் தி எமிரேட்ஸில் 2005 முதல் இருக்கும் ஸ்கீ துபாயில் 22,500 சதுர மீட்டரில் உண்மையான பனி, மிக நீண்ட சரிவு 400 மீட்டர், மேலிருந்து கீழாக 60 மீட்டர் இறக்கம். வெளியே வெயில் 45 டிகிரி அடித்தாலும் உள்ளே எப்போதும் பூஜ்யத்துக்குக் கீழே. மேலாடை, கால்சட்டை, பூட், பலகை எல்லாம் நுழைவுக் கட்டணத்திலேயே தருகிறார்கள். கையுறை, காலுறை, குல்லாய் ஆகியவற்றை இங்கிருந்தே கொண்டுபோங்கள்.

பத்து நாளில் வார நாள் மாலைகள் மூன்றை ஒதுக்குங்கள். வெள்ளி, சனி, ஞாயிறு கூட்டம் தாங்காது. முதல் மாலை பயிற்சியாளரோடு ஒரு வகுப்பு, வேகம் குறைப்பதும் நிற்பதும். இரண்டாம் மாலை இன்னொரு வகுப்பு, திருப்பம். மூன்றாம் மாலை சொந்தமாகப் பயிற்சி. வகுப்பு எடுக்காதவரைப் பெரிய சரிவுக்கு விடமாட்டார்கள், அது சரியான விதி. இதை முடித்தவர் குல்மார்க்கில் முதல் இரண்டு நாள் வேலையை அரை நாளில் தாண்டிவிடுவார். அரங்குக்குள் கிடைக்காதவை மலைக்காற்று, மேடு பள்ளம், உயரத்தின் மூச்சிரைப்பு, கூசும் வெளிச்சம். அவற்றுக்கு மலைக்கே போக வேண்டும்.

கேள்வி: ஆறு வயதுப் பெண்ணைக் கூட்டிப் போகலாமா? (வாசகர், சித்தூர், பாலக்காடு)

கூட்டிப் போங்கள். கையில் கோல் வேண்டாம், கவனம் கையில் போய்விடும். ஹெல்மெட் கட்டாயம், அதற்கடியில் கம்பளிக் குல்லாய் போடாதீர்கள், பொருத்தம் கெடும். காலையில் ஒரு மணி நேரம், மதியம் ஒரு மணி நேரம் போதும். குழந்தை கால் குளிர்கிறது என்றால் சாக்கு என்று நினைக்காமல் உடனே உள்ளே அழைத்து வாருங்கள், விரல் வெளுத்து உணர்ச்சியற்றுப் போவது குழந்தைகளுக்குச் சீக்கிரம் நடக்கும்.

கேள்வி: என் வயது 57. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு, இன்சுலின் போடுகிறேன். பெங்களூரிலிருந்து மகன் கூட்டிப் போகிறேன் என்கிறான். (வாசகர், குப்பம்)

மருத்துவர் சம்மதித்தால் போகலாம். போகுமுன் இதயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடும், பிறகு இளகினாலும் பயன்படுத்தக் கூடாது. விமானத்தில் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், மலையில் உடம்பை ஒட்டிய உள்பையில். சர்க்கரை பார்க்கும் கருவியும் கடுங்குளிரில் தவறாகக் காட்டும், அல்லது வேலையே செய்யாது, அறைக்குள் வந்து பாருங்கள். சறுக்கும் நாளில் உடல் உழைப்பு பலமடங்கு கூடுவதால் சர்க்கரை திடீரென்று இறங்கும். மேலாடைப் பையில் குளுக்கோஸோ கற்கண்டோ எப்போதும் இருக்கட்டும், மருந்தளவை மாற்ற வேண்டுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

2,500 மீட்டருக்கு மேல் யாருக்கும் உயர நோய் வரலாம். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் மேலே போகாமல் ஓய்வெடுங்கள். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, நடை தள்ளாடினாலோ, சும்மா இருக்கும்போதும் மூச்சு வாங்கினாலோ, பணம் போனால் போகிறது என்று அன்றே ஸ்ரீநகருக்கு இறங்கிவிடுங்கள்.

கேள்வி: குல்மார்க்கில் போன் வேலை செய்யுமா? காரிலேயே மேலே போகலாமா? (வாசகி, புத்தூர்)

நம் ஊர் பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு செய்யும், குடும்பத்தில் ஒருவரின் எண்ணையாவது இரண்டு வாரம் முன்பே மாற்றிக்கொள்ளுங்கள். பனி கிடக்கும் நாட்களில் தங்மார்க்கிலிருந்து மேலே 13 கிலோமீட்டருக்குச் சங்கிலி கட்டிய வண்டிகளை மட்டுமே விடுவார்கள், அங்கே வண்டி மாற வேண்டியிருக்கும்.

கேள்வி: நாங்கள் கல்லூரி நண்பர்கள் நால்வர். இன்ஸ்டாகிராமில் கோண்டோலா உச்சியிலிருந்து தூள்பனியில் இறங்குவதைப் பார்த்தோம். நான்கு நாளில் அந்த அளவுக்கு வர முடியுமா? (வாசகர், சித்தூர், ஆந்திரா)

முடியாது, தம்பி. தயவுசெய்து முயலவும் வேண்டாம். கோண்டோலாவின் இரண்டாம் கட்டம் அஃபர்வட் சிகரத்தை ஒட்டி, கிட்டத்தட்ட 3,950 மீட்டரில் கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து இறங்கும் பெரும்பகுதி சீர்செய்யப்பட்ட சரிவே அல்ல, திறந்த மலைமுகம், பனிச்சரிவு விழும் இடம். 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் அந்த மலையில்தான் பனிச்சரிவில் இறந்தார்கள். புதைந்தவர் பிழைக்க முதல் பதினைந்து நிமிடங்கள்தான் உண்டு. ஆகவே அங்கே போகிறவர் ஒவ்வொருவரிடமும் இருப்பிடம் காட்டும் கருவி, துழாவும் கம்பி, மண்வாரி மூன்றும் இருக்க வேண்டும், அவற்றைப் பயன்படுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். கூடவே, உள்ளூர் மலையை அறிந்த வழிகாட்டி. குல்மார்க்கின் பனிக் காவல் குழு தினமும் ஆபத்து அளவை அறிவிக்கிறது, அதைப் படிக்கக் கற்பதே ஒரு பாடம்.

நான்கு நாளில் முதல் கட்டச் சரிவில் கட்டுப்பாட்டோடு இறங்குவது உங்கள் வயதுக்கு நடக்கக்கூடிய காரியம். அங்கிருந்து தொடங்கி பெய்ஜிங் வரை போனவர் இருக்கிறார்: 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரரான ஆரிப் கான், தங்மார்க்கைச் சேர்ந்தவர். மேலே பார்க்க ஆசையாக இருந்தால் பலகை இல்லாமல் கோண்டோலாவில் போய், பார்த்துவிட்டு, அதிலேயே இறங்குங்கள்.

இன்னொன்று: ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போகாதீர்கள். பருத்தி நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே தெர்மல், நடுவில் ஃப்ளீஸ், வெளியே நீர் புகாத மேலாடையும் கால்சட்டையும். பனி புதிதாக இருந்தால் வெயிலின் புறஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், கண்ணுக்கு நல்ல காகிள்ஸ் இல்லாமல் ஒரு மணி நேரம்கூட நிற்காதீர்கள். மூக்கின் அடிப்பக்கத்திலும் சன்ஸ்கிரீன் பூசுங்கள், வெளிச்சம் கீழேயிருந்தும் வருகிறது.

கேள்வி: வருடத்துக்கு ஒரு தடவைதான் போக முடிகிறது. மீதிப் பத்து மாதத்தில் கற்றது மறக்காமலிருக்க என்ன செய்வது? சொந்தமாகப் பலகை வாங்கலாமா? (வாசகர், நல்லேப்பிள்ளி)

பலகை வேண்டாம். விமானத்தில் கொண்டுபோவதே தனிச் செலவு, வருடத்தில் ஐந்து நாளுக்கு வாடகைதான் மலிவு. முதலில் வாங்க வேண்டியவை காலுறை, கையுறை, காகிள்ஸ். மூன்றாம் வருடமும் போவதென்று உறுதியானால் பூட் மட்டும் வாங்குங்கள், கற்றலில் பெரிய வித்தியாசம் காட்டுவது அதுதான்.

மறக்காமலிருக்க, நான்கு சக்கரமும் ஒரே வரிசையில் உள்ள இன்லைன் ஸ்கேட். எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றித் திரும்புவது இரண்டிலும் ஒன்றே. வாரம் ஒரு மணி நேரம், வாகனம் வராத, லேசாகச் சரிந்த சிமென்ட் தளத்தில், மணிக்கட்டுக் காப்பும் முட்டிக் காப்பும் ஹெல்மெட்டும் போட்டு. வெளிக்காலில் எடையை வைத்து நீண்ட வளைவுகளாக இறங்கிப் பழகுங்கள், நிற்பதை முதலில் கற்றபின். கடைசி நாள் குல்மார்க்கில் பயிற்சியாளரிடம் சொல்லி நீங்கள் இறங்குவதை முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் அரை நிமிட வீடியோவாக எடுத்துக்கொள்ளுங்கள், என்னென்ன தவறு என்று அவர் குரலிலேயே பதிவாகட்டும். நவம்பர் மாதம் அதைப் பார்த்துவிட்டு எட்டு வாரப் பயிற்சியைத் தொடங்கினால், எதைத் திருத்தப் போகிறோம் என்பது தெரிந்தே புறப்படுவீர்கள்.

பூட் வாங்கினால் நம் பக்கத்து மழைக்காலத்தைக் கவனியுங்கள். மே மாதக் கடைசிக்குள் உள்ளுறையை உருவி நிழலில் இரண்டு நாள் காயவைத்து, திரும்ப மாட்டி, கொக்கிகளைத் தளர்வாகப் போட்டு வையுங்கள். கொக்கி போடாமல் விட்ட ஓடு விரிந்து உருமாறும், இறுக்கி வைத்தால் பிளாஸ்டிக் களைத்துவிடும். காற்றுப் புகாத பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு வைத்து, ஜூன் முதல் செப்டம்பர் வரை மாதம் ஒரு தடவை திறந்து பாருங்கள். பூசணம் பிடித்தால் உள்ளுறையில்தான் முதலில் பிடிக்கும்.